சுருள்வில் எதிர்முழக்கமும் டிரான்சிஸ்டர் இயக்கப் பெருக்கியும்

சுருள்வில் எதிர்முழக்கம் என்பது, பெரிய மண்டபத்தில் ஒலி நீடித்து ஒலிப்பது போன்ற உணர்வை எஃகுக் கம்பிச் சுருள்களின் உதவியால் உண்டாக்கும் மின்-இயந்திர முறையாகும். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் ஹேமண்ட் ஆர்கனுக்காக உருவாக்கப்பட்ட இம்முறை, 1960களில் கிதார் பெருக்கிகளின் வழியாக உலகெங்கும் பரவியது. ஒலிக்குறிப்பைச் சுருள்வில்லுக்குள் செலுத்தும் சிறிய பெருக்கி, இயக்கப் பெருக்கி எனப்படும். தொடக்கத்தில் இப்பெருக்கி வெற்றிடக் குழல்களால், அதாவது வால்வுகளால் அமைந்தது. பின்னர் அந்த இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்தது.

இந்த மாற்றம் ஓர் உதிரிப்பாகத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தியது போன்றதன்று. சுருள்வில்லை இயக்க அதிகத் திறன் தேவையில்லை. எல்லா அதிர்வெண்களிலும் சீராக இருக்கும் மின்னோட்டமே தேவை. வால்வுச் சுற்றுகளில் இந்தப் பண்பு ஓரளவு தானாகவே அமைந்திருந்தது. டிரான்சிஸ்டர் சுற்றில் அதைத் திட்டமிட்டு அமைக்க வேண்டியிருந்தது. டிரான்சிஸ்டர் எதிர்முழக்கத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடே திறவுகோல்.

எதிரொலியும் எதிர்முழக்கமும்

ஆழமான கிணற்றுக்குள் குரல் கொடுத்தால், சொன்ன சொல் சற்று நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வருகிறது. இது எதிரொலி. கற்றூண்கள் நிறைந்த கோயில் மண்டபத்தில் கைதட்டினால் தனி ஒலி எதுவும் திரும்புவதில்லை. தட்டிய ஓசையே மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகிறது. சுவர், தூண், கூரை, தரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் எண்ணற்ற எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து, பிரித்தறிய முடியாதபடி செவியை அடைவதே இதற்குக் காரணம். இது எதிர்முழக்கம்.

எதிர்முழக்கத்தை முதன்முதலில் அளவீட்டுக்கு உட்படுத்தியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் கிளமென்ட் சபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் இருந்த விரிவுரை அரங்கில் பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை என்பதால், 1895ஆம் ஆண்டில் அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்திய பின், ஓசை மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். காலியான அரங்கில் அது ஏறத்தாழ 5.5 வினாடி. அருகிலிருந்த வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, நேரம் குறைவதைக் கண்டறிந்தார். ஒலியின் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபெல் அளவு குறைய ஆகும் காலமே இன்று எதிர்முழக்கக் காலம் எனப்படுகிறது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு, இந்த ஆய்வின் அடிப்படையில் வடிவமைக்கப்பட்டது.

இசைக்கு எதிர்முழக்கம் அளவோடு தேவை. அறவே இல்லாவிட்டால் இசை வறண்டு ஒலிக்கும். மிகுந்துவிட்டால் ஒரு சுரம் அடுத்த சுரத்தின் மேல் படிந்து குழம்பிவிடும். அரங்கைக் கட்டாமலேயே அரங்கின் ஓசையை எப்படிப் பெறுவது என்ற கேள்வி, வானொலியும் ஒலிப்பதிவும் வளர்ந்த காலத்தில் எழுந்தது. ஒலிப்பெருக்கியையும் ஒலிவாங்கியையும் ஒரு வெற்று அறையில் வைத்து, அந்த அறையின் முழக்கத்தைப் பதிவு செய்வது முதல் வழியாக இருந்தது. 1947இல் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் பில் பட்னம், ஹார்மோனிகாட்ஸ் குழுவின் இசைத்தட்டு ஒன்றிற்குக் குளியலறையையே முழக்க அறையாகப் பயன்படுத்தினார். ஆனால் ஓர் அறையை இசைக்கருவிக்குள் வைக்க முடியாது.

தொலைபேசியிலிருந்து ஆர்கனுக்கு

இதற்கான விடை தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பிகளில் குரல் சென்று சேர்வதில் ஏற்படும் காலத் தாழ்ச்சியை ஆய்வகத்திலேயே உண்டாக்கிச் சோதிக்க, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் சுருள்வில்லைப் பயன்படுத்தினர். சுருளின் ஒரு முனையில் கொடுக்கும் அதிர்வு, நீளமான கம்பியின் சுற்றுகள் வழியாகச் சென்று, சற்றுத் தாமதித்தே மறுமுனையை அடையும். பல நூறு மைல் கம்பியின் வேலையைக் கைக்கு அடக்கமான ஒரு சுருள் செய்தது.

லாரன்ஸ் ஹேமண்ட் (1895-1973) சிகாகோவில் மின்கடிகாரங்களைத் தயாரித்து வந்த பொறியாளர். கடிகார மோட்டாரின் மாறாத சுழற்சியைக் கொண்டு பல்சக்கரங்களைச் சுழற்றி, இசைச் சுரங்களை எழுப்பும் மின் ஆர்கனை அவர் 1935இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். குழல் ஆர்கனை வாங்க வசதியில்லாத சிறிய தேவாலயங்களும் இல்லங்களும் இதை வாங்கின. அங்கேதான் சிக்கல் எழுந்தது. ஆர்கன் என்றாலே உயரமான தேவாலயத்தின் முழக்கத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு, கம்பளம் விரித்த தாழ்வான கூரையுள்ள அறையில் அதே இசை உயிரற்றதாகத் தோன்றியது.

ஹேமண்ட், பெல் ஆய்வகத்தின் சுருள்வில் கருத்தை எடுத்துக்கொண்டு, 1939இல் எதிர்முழக்க அமைப்பு ஒன்றிற்குக் காப்புரிமை கோரினார். அந்த முதல் அமைப்பு ஏறத்தாழ நான்கடி உயரம் கொண்டது. அதிர்வுகள் கட்டுக்கடங்காமல் நீள்வதைத் தடுக்க, சில சுருள்கள் எண்ணெய் நிரப்பிய குழாய்களுக்குள் வைக்கப்பட்டிருந்தன. ஒலிப்பெருக்கி அலமாரியில் வைக்க இது போதுமானதாக இருந்தாலும், எடுத்துச் செல்ல ஏற்றதாக இல்லை. 1950களில், கழுத்தணி போலச் சுருள்கள் தொங்கவிடப்பட்ட சிறிய வடிவம் வந்தது. அதைச் சாய்த்தாலோ அசைத்தாலோ ஓசை கெட்டது. 1960ஆம் ஆண்டையொட்டி, ஹேமண்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் யங் வடிவமைத்த தட்டையான பெட்டியே இறுதியில் நிலைபெற்றது. நான்காம் வகை என்று அழைக்கப்படும் இந்தப் பெட்டி, ஏறத்தாழ 42 செ.மீ. நீளமுடையது. சிறு மாற்றங்களுடன் இன்றும் தயாரிக்கப்படுகிறது.

பெட்டியின் அமைப்பும் செயல்பாடும்

பெட்டியின் இரு முனைகளிலும் கம்பிச்சுருள் சுற்றப்பட்ட இரும்பு உள்ளகங்கள் உள்ளன. உள்ளகத்தின் இடைவெளியில் மிகச் சிறிய உருளைக் காந்தம் ஒன்று தொங்குகிறது. சுருள்வில் இதனுடன் இணைக்கப்பட்டிருக்கும். உள்ளீட்டுக் கம்பிச்சுருளில் ஒலிக்குறிப்பு மின்னோட்டமாகப் பாயும்போது, மாறும் காந்தப்புலம் காந்தத்தை இப்படியும் அப்படியுமாகத் திருகுகிறது. இத்திருகல் முறுக்கு அலையாகச் சுருள்வில் வழியே சென்று மறுமுனைக் காந்தத்தைத் திருப்புகிறது. அங்குள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. உள்ளீட்டு முனை மின்மோட்டாரைப் போலவும், வெளியீட்டு முனை மின்னியற்றியைப் போலவும் வேலை செய்கின்றன எனலாம்.

மறுமுனையை அடைந்த அலையின் ஒரு பகுதி அங்கேயே எதிரொளித்துத் திரும்புகிறது. மீண்டும் முதல் முனையில் எதிரொளித்து வருகிறது. ஒவ்வொரு பயணத்திலும் ஆற்றல் குறைவதால் ஓசை படிப்படியாகத் தேய்கிறது. நான்காம் வகைப் பெட்டியில் இரண்டு சுருள்வில்கள் உள்ளன. ஒன்றில் அலை கடக்கும் நேரம் ஏறத்தாழ 33 மில்லி வினாடி, மற்றொன்றில் 41 மில்லி வினாடி. காற்றில் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டால், இது முறையே 11 மீட்டர், 14 மீட்டர் தொலைவுக்குச் சமம். இரண்டு நேரங்களும் வேறுபட்டிருப்பதால் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இடையிடையே நிரம்பி, முழக்கமாக ஒலிக்கின்றன.

சுருள்வில்லுக்கே உரிய ஒரு குணமும் உண்டு. எல்லா அதிர்வெண்களும் அதில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஆகவே கூர்மையான ஓர் ஓசை, நீர்த்துளி சொட்டுவது போன்ற ஒலியாக நீண்டு வெளிவருகிறது. ஏறத்தாழ 4,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைச் சுருள்வில் கடத்துவதும் இல்லை. உண்மையான மண்டபத்தோடு ஒப்பிட்டால் இவை குறைகளே. ஆனால் இக்குறைகளையே ஒரு தலைமுறை இசைஞர்கள் விரும்பி ஏற்றனர்.

வால்வுக் காலம்

1961இல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம், எதிர்முழக்கம் உள்ளமைந்த ரிவர்பராக்கெட் என்னும் கிதார் பெருக்கியை வெளியிட்டது. அதே ஆண்டு லியோ ஃபெண்டரின் நிறுவனம் தனிப்பெட்டியாக ஓர் எதிர்முழக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1963இல் வைப்ரோவெர்ப், ட்வின் ரிவெர்ப் ஆகிய ஃபெண்டர் பெருக்கிகளில் எதிர்முழக்கம் உள்ளேயே அமைக்கப்பட்டது. கலிபோர்னியாக் கடற்கரையில் தோன்றிய, டிக் டேல் போன்ற கிதார் கலைஞர்கள் வளர்த்த சர்ஃப் இசையின் அடையாளமே சுருள்வில்லின் ஈரமான ஓசைதான்.

இக்கருவிகளின் இயக்கப் பெருக்கி வால்வுகளால் ஆனது. தனிப்பெட்டியில் 6கே6 என்னும் ஆற்றல் வால்வு ஒன்றும், உள்ளமைந்த வகையில் 12ஏடி7 என்னும் இரட்டை வால்வும் பயன்பட்டன. வால்வு உயர்ந்த மின்னழுத்தத்திலும் குறைந்த மின்னோட்டத்திலும் வேலை செய்யும் பாகம். 8 ஓம் அளவுள்ள கம்பிச்சுருளுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. எனவே இடையில் சிறிய மின்மாற்றி ஒன்று வைக்கப்பட்டது. 12ஏடி7 வால்வுக்கு முன்னே 500 பிக்கோ பாரட் மின்தேக்கி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அது ஏறத்தாழ 318 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தே உள்ளே விட்டது. தாழ்ந்த சுரங்கள் சுருள்வில்லில் மிகுந்தால் முழக்கம் சேறுபோல் குழம்பிவிடும் என்பதை வடிவமைப்பாளர்கள் அறிந்திருந்தனர்.

இந்த வால்வுச் சுற்றில் பின்னூட்டம் இல்லை. அதனால் அதன் வெளியீட்டு மின்னெதிர்ப்பு உயர்வாக இருந்தது. அதாவது கம்பிச்சுருளின் மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணோடு சேர்ந்து கூடினாலும், அதில் பாயும் மின்னோட்டம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. வால்வு எதிர்முழக்கம் பளிச்சென்று ஒலித்ததற்கு இது முக்கியமான காரணம்.

டிரான்சிஸ்டரின் வருகை

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். இவர்களும் வில்லியம் ஷாக்லியும் 1956இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சுருள்வில்லைத் தாமதக் கருவியாக்கிய அதே ஆய்வகமே, பின்னாளில் அதை இயக்கப்போகும் டிரான்சிஸ்டருக்கும் பிறப்பிடமானது. இரண்டும் தொலைபேசியின் தேவையிலிருந்து பிறந்து, இசையில் சந்தித்தன.

தொடக்ககால ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்தைத் தாங்கவில்லை. வெப்பநிலை ஏற ஏற அவற்றின் கசிவு மின்னோட்டம் விரைவாகக் கூடும். இயங்கு நிலை இடம்பெயரும். மூடிய அலமாரிக்குள் இருக்கும் பெருக்கிக்கு இது பெரிய குறை. 1960களின் நடுவில் சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் மலிவான பிறகே நிலைமை மாறியது. சூடான இழை இல்லை, உயர் மின்னழுத்தம் இல்லை, கனமான மின்மாற்றி இல்லை என்பவை டிரான்சிஸ்டரின் கவர்ச்சிகள். 12 வோல்ட் மின்கலத்தில் இயங்க முடிந்ததால், 1960களில் அமெரிக்கக் கார்களின் வானொலிகளிலும் சுருள்வில் எதிர்முழக்கம் இடம்பெற்றது. ஆனால் சாலைக் குழியில் கார் இறங்கும்போதெல்லாம் சுருள்வில் அதிர்ந்து பின்னிருக்கை ஒலிப்பெருக்கியில் இடியோசை எழும் என்பதால் அது நீடிக்கவில்லை.

1966இல் ஃபெண்டர் நிறுவனமும் டிரான்சிஸ்டர் பெருக்கி வரிசை ஒன்றை வெளியிட்டது. அது இசைஞர்களின் வரவேற்பைப் பெறவில்லை. 1971இல் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. வால்வு இனிமையானது, டிரான்சிஸ்டர் வறண்டது என்னும் கருத்து இக்காலத்தில்தான் வேரூன்றியது. பொதுவான பெருக்கி ஓசையைப் பொறுத்தவரை இக்கருத்துக்குப் பல காரணங்கள் உண்டு. சுருள்வில்லைப் பொறுத்தவரை காரணத்தைக் கணக்கிட்டே காட்டலாம்.

மின்னழுத்தமா, மின்னோட்டமா?

காந்தத்தைத் திருப்பும் விசை, கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. அதன் முனைகளில் உள்ள மின்னழுத்தத்தைப் பொறுத்ததன்று. கம்பிச்சுருள் ஒரு மின்தூண்டி. எனவே அதிர்வெண் கூடும்போது அதன் மின்னெதிர்ப்பும் கூடும். 1,000 ஹெர்ட்ஸில் 8 ஓம் உள்ள சுருள், 5,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 40 ஓம் ஆகிறது. 200 ஹெர்ட்ஸிலோ, கம்பியின் மின்தடையையும் சேர்த்து, 2 ஓமுக்கும் குறைவாகிறது.

ஒலிப்பெருக்கிகளை இயக்குவதற்கான டிரான்சிஸ்டர் பெருக்கி வலுவான பின்னூட்டம் கொண்டது. பளு எதுவானாலும் வெளியீட்டு மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருப்பதே அதன் நோக்கம். அத்தகைய பெருக்கியைச் சுருள்வில் பெட்டியோடு அப்படியே இணைத்தால், ஓம் விதிப்படி 200 ஹெர்ட்ஸில் பாயும் மின்னோட்டம் 5,000 ஹெர்ட்ஸில் பாய்வதைப் போல 20 மடங்குக்கும் மேலாகிறது. தாழ்ந்த சுரங்கள் உள்ளகத்தைக் காந்தத் தெவிட்டு நிலைக்குத் தள்ளி உருக்குலைகின்றன. உயர்ந்த சுரங்கள் கேட்பதே இல்லை. முழக்கம் மந்தமாகவும் குழம்பியும் ஒலிக்கிறது. பழி டிரான்சிஸ்டர் மேல் விழுகிறது. பிழையோ இணைப்பு முறையில் இருக்கிறது.

உண்மையில் டிரான்சிஸ்டர் தன் இயல்பிலேயே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். அதன் ஏற்பான் முனையில் பாயும் மின்னோட்டம், அம்முனையின் மின்னழுத்தத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. சுருள்வில்லுக்குத் தேவையான பண்பும் இதுவே. ஆகவே, தகுந்த சுற்றில் வைத்தால் டிரான்சிஸ்டர் இப்பணிக்கு வால்வைவிடப் பொருத்தமானது.

தேவைப்படும் திறனும் மிகக் குறைவு. பெட்டிகள் பல கம்பிச்சுருள் அளவுகளில் கிடைக்கின்றன. 8 ஓம் வகைக்குப் பரிந்துரைக்கப்படும் மின்னோட்டத்தின் பயனுறு மதிப்பு 28 மில்லி ஆம்பியர். 150 ஓம் வகைக்கு 6.5, 600 ஓம் வகைக்கு 3.1. மின்னோட்டத்தின் இருமடியை ஓம் அளவால் பெருக்கினால், மூன்றுக்கும் ஏறத்தாழ 6 மில்லி வாட் என்ற ஒரே விடை வருகிறது. ஒரு சாதாரண டார்ச் பல்பு எடுத்துக்கொள்வது இதைப்போல நூறு மடங்குக்கும் மேல். ஆகவே சுருள்வில்லை இயக்குவதில் உள்ள அருமை, வலிமையில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது.

சுற்று அமைக்கப்படும் முறை

எந்தப் பெட்டிக்கு எந்தச் சுற்று என்பதை இரண்டு கணக்குகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, உச்ச மின்னோட்டம். பயனுறு மதிப்பை 1.414ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். இரண்டாவது, சுருள்வில் கடத்தும் உயர்ந்த அதிர்வெண்ணான 5,000 ஹெர்ட்ஸில் அந்த மின்னோட்டத்தைச் செலுத்தத் தேவைப்படும் மின்னழுத்தம்.

8 ஓம் பெட்டிக்கு உச்ச மின்னோட்டம் ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர், மின்னழுத்தம் 1.6 வோல்ட் போதும். 150 ஓம் பெட்டிக்கு 9 மில்லி ஆம்பியரும் ஏறத்தாழ 7 வோல்ட்டும் வேண்டும். 600 ஓம் பெட்டிக்கு 4.4 மில்லி ஆம்பியர் போதும். ஆனால் 13 வோல்ட்டுக்கு மேல் தேவை. மின்கலத்தில் இயங்கும் கருவிக்கு முதல் வகையும், நேர், எதிர் என இரட்டை மின்வழங்கி உள்ள கருவிக்கு மற்றவையும் ஏற்றவை.

மின்னோட்டத்தைச் சீராக்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதல் வழி மிக எளியது: கம்பிச்சுருளோடு தொடராகப் பெரிய மின்தடை ஒன்றை இணைப்பது. மின்தடை பெரியதாக இருப்பதால் சுருளின் மாற்றம் மொத்தத்தில் சிறிதாகிவிடும். ஆனால் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி அம்மின்தடையிலேயே வீணாகும். இரண்டாவது வழி, டிரான்சிஸ்டரின் ஏற்பான் முனையிலிருந்து சுருளை இயக்குவது. இதில் உமிழ்ப்பான் முனையிலுள்ள மின்தடை மின்னோட்டத்தை வரையறுக்கிறது. டிரான்சிஸ்டரின் நிலையான மின்னோட்டம் சுருளில் பாய்ந்தால் உள்ளகம் ஒருபக்கமாகக் காந்தமாகிவிடும் என்பதால், இடையில் மின்தேக்கி ஒன்று அவசியம்.

மூன்றாவது வழியே இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கம்பிச்சுருளின் ஒரு முனை பெருக்கியின் வெளியீட்டிலும், மறுமுனை 10 ஓம் போன்ற சிறிய மின்தடை வழியாகப் புவி இணைப்பிலும் சேர்கிறது. அம்மின்தடையில் தோன்றும் மின்னழுத்தம் சுருளின் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதைப் பின்னூட்டமாகக் கொடுத்தால், பெருக்கி தன் வெளியீட்டு மின்னழுத்தத்தை வேண்டிய அளவு ஏற்றி இறக்கி, மின்னோட்டத்தை மாறாமல் காக்கும். ஒலிப்பெருக்கிச் சுற்றின் அதே பின்னூட்டமே இங்கும் பயன்படுகிறது. அது மின்னழுத்தத்தைக் காவல் காத்தது. இது மின்னோட்டத்தைக் காவல் காக்கிறது.

1968இல் வெளிவந்த 741 போன்ற செயல்பாட்டுப் பெருக்கிச் சில்லுகள் இந்தச் சுற்றை எளிதாக்கின. 150 ஓம் பெட்டியை அத்தகைய சில்லு ஒன்றே இயக்கும். 8 ஓம் பெட்டிக்கு வேண்டிய 40 மில்லி ஆம்பியரை அதனால் தர இயலாது. எனவே அதன் வெளியீட்டில், ஒன்றுக்கொன்று எதிர்வகையான இரண்டு டிரான்சிஸ்டர்கள் சேர்க்கப்படுகின்றன. பிடி139, பிடி140 இணை இதற்குப் பெயர்பெற்றது. ஒன்று அலையின் மேல் பாதியையும், மற்றொன்று கீழ்ப் பாதியையும் கையாளும். சிலிக்கன் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ள ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும். ஆகவே இரு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் ஓசை கரகரக்காமலிருக்க, இரண்டு டயோடுகளைக் கொண்டு சிறு சார்பு மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது.

கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. 12 வோல்ட் ஒற்றை மின்வழங்கியில் பெருக்கியின் வெளியீடு 6 வோல்ட்டில் நிற்கும். 8 ஓம் சுருளின் நேர்மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவு என்பதால், 220 மைக்ரோ பாரட் அளவுள்ள மின்தேக்கி இல்லாமல் நேரடியாக இணைத்தால் டிரான்சிஸ்டரோ சுருளோ எரிந்துவிடக்கூடும். கம்பிச்சுருள் பின்னூட்டப் பாதையில் இருப்பதால், செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் சுற்று தானாக அலைவுறவும் கூடும். சுருளுக்கு இணையாகச் சில நூறு ஓம் மின்தடை ஒன்றை வைத்து இது தடுக்கப்படுகிறது. தாழ்ந்த சுரங்களை முன்கூட்டியே வடிகட்டும் வால்வுக் காலத்து வழக்கம் டிரான்சிஸ்டர் சுற்றிலும் தொடர்கிறது.

சுருள்வில்லின் மறுமுனையில் கிடைப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. இதை மீட்டெடுக்க, இரைச்சல் குறைந்த இரண்டாவது பெருக்கி ஒன்று வேண்டும். மின்மாற்றியின் காந்தப்புலம் வெளியீட்டுச் சுருளில் பட்டால் ரீங்காரம் கேட்கும். எனவே பெட்டியின் வெளியீட்டு முனை மின்மாற்றியிலிருந்து விலகி இருக்குமாறு பொருத்தப்படுகிறது. வெளி அதிர்வுகள் தாக்காதிருக்க, உட்தட்டு நான்கு சிறு வில்களில் தொங்கவிடப்பட்டிருக்கும்.

இசையில் பெற்ற இடம்

மேற்கண்ட சிக்கல்கள் தீர்ந்தபின், டிரான்சிஸ்டர் எதிர்முழக்கம் புதிய துறைகளில் நுழைந்தது. 1969இல் லண்டனில் பீட்டர் ஜினோவியஃப், டேவிட் காக்கரெல், டிரிஸ்ட்ராம் கேரி ஆகியோர் உருவாக்கிய விசிஎஸ் 3 என்னும் சிறிய மின்னிசைத் தொகுப்பியில் சுருள்வில் உள்ளமைந்திருந்தது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்ட ஆர்இ-201, ஒலிநாடா எதிரொலியையும் சுருள்வில் எதிர்முழக்கத்தையும் ஒரே பெட்டியில் தந்தது. 1975இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஜேசி-120, வால்வு எதுவும் இல்லாத கிதார் பெருக்கி. தெளிவான ஓசைக்காக அது பெரும்புகழ் பெற்றது. டிரான்சிஸ்டர் பெருக்கியில் எதிர்முழக்கம் நன்றாக ஒலிக்காது என்ற எண்ணத்துக்கு இக்கருவி வாழும் மறுப்பாக அமைந்தது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், கிங் டப்பி என்று அழைக்கப்பட்ட ஆஸ்பர்ன் ரட்டக் (1941-1989), வானொலி பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து இசைத் துறைக்கு வந்தவர். பாடலின் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே கூட்டியும் குறைத்தும், எதிர்முழக்கத்தில் மூழ்கடித்தும் புதிய இசை வடிவத்தை அவர் உருவாக்கினார். அதுவே டப் இசை. இல்லங்களில் இசை கேட்பதற்காகத் தயாரிக்கப்பட்ட ஃபிஷர் நிறுவனத்தின் சுருள்வில் கருவியை அவர் தம் தேவைக்கு ஏற்ப மாற்றியமைத்துக்கொண்டார். சுருள்வில் பெட்டியைத் தட்டி இடியோசை எழுப்புவதும் டப் இசையின் உத்திகளுள் ஒன்று. காரில் தொல்லையாக இருந்த ஓசை, இங்கே இசையானது.

எண்முறைக் காலம்

ஒலிப்பதிவுக் கூடங்களில் சுருள்வில்லுக்குப் போட்டி முன்பே இருந்தது. ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் 1957இல் வெளியிட்ட இஎம்டி 140, பெரிய எஃகுத் தகட்டை அதிரச் செய்து முழக்கம் தந்தது. அது உயர்தரமானது; விலையும் எடையும் மிகுந்தது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மான்ஃபிரெட் ஷ்ரோடர், 1960களின் தொடக்கத்திலேயே கணினியால் எதிர்முழக்கத்தைக் கணக்கிடும் முறையை முன்வைத்தார். 1976இல் வந்த இஎம்டி 250, 1978இல் வந்த லெக்சிகன் 224 ஆகியவை அக்கருத்தைக் கூடங்களுக்குக் கொண்டுவந்தன. சுருள்வில் தாமதம், டிரான்சிஸ்டர், எண்முறை எதிர்முழக்கம் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆய்வகத்தில் வேர் இருப்பது குறிப்பிடத்தக்கது.

இன்று கைப்பேசியிலேயே எந்த மண்டபத்தின் முழக்கத்தையும் பெற முடியும். ஆயினும் சுருள்வில் பெட்டிகளின் உற்பத்தி நிற்கவில்லை. ஹேமண்டின் மரபில் வந்த பெட்டிகள் இப்போது தென் கொரியாவில் தயாரிக்கப்படுகின்றன. மின்னணுவியல் பயிலும் மாணவர்களும் பொழுதுபோக்காகச் சுற்று அமைப்போரும் இவற்றை வாங்கி, தாங்களே இயக்கப் பெருக்கி அமைக்கின்றனர். ஓம் விதி, மின்தூண்டல், பின்னூட்டம், அலை எதிரொளிப்பு ஆகிய பாடங்களைக் காதால் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய சோதனைகள் குறைவு. இது அவற்றுள் ஒன்று. பெருக்கி மின்னழுத்தத்தைக் காக்கும்படி ஒருமுறையும், மின்னோட்டத்தைக் காக்கும்படி மறுமுறையும் இணைத்துக் கேட்டால், டிரான்சிஸ்டர் மேல் நெடுங்காலம் சுமத்தப்பட்ட பழியின் நியாயத்தை எவரும் தாமே முடிவு செய்யலாம்.